வெந்நீர் டம்ளரும் பஞ்சும்: வகுப்பறை வெப்பக்காப்புச் சோதனை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே மாதிரி ஐந்து டம்ளர், ஒவ்வொன்றிலும் ஒரே அளவு வெந்நீர், சுற்றிலும் வெவ்வேறு வீட்டுப் பொருள். எது அதிக நேரம் சூட்டைப் பிடித்து வைக்கிறது என்று பார்க்க வேண்டும். சோதனை இவ்வளவுதான். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை தாராளமாகச் செய்யலாம். பார்க்க எளிது, ஆனால் செய்து பார்த்தவர்களில் பாதிப்பேர் "எல்லா டம்ளரும் ஒரே மாதிரி ஆறிவிட்டதே" என்றுதான் கேட்டு வருகிறார்கள். அதற்கும், ஆசிரியர்களும் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் மற்றவற்றுக்கும் இங்கே பதில்.

என்னென்ன தேவை?

காசு கொடுத்து வாங்க வேண்டியது தெர்மாமீட்டர் மட்டும்தான், அதுவும் பள்ளி ஆய்வகத்தில் இல்லாவிட்டால். மற்றபடி ஐந்து டம்ளர், அவற்றுக்குப் பொருந்தும் அட்டை மூடிகள், ரப்பர் பேண்டு, அளவுக் குவளை, ஒரு கடிகாரம். டம்ளர்கள் கண்ணாடியாக இருந்தால் நல்லது. எவர்சில்வர் ஏன் குழப்பும் என்று பின்னால் வருகிறது.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொண்டுவர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது 35 முதல் 42 டிகிரி வரைதான் காட்டும். வெந்நீரில் வைத்தால் உடைந்துபோகும், பழைய ரகமாக இருந்தால் பாதரசம் வேறு சிதறும். சிவப்புத் திரவம் உள்ள ஆய்வகத் தெர்மாமீட்டரோ, சமையலுக்கு விற்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரோ போதும்.

ஒரே ஒரு தெர்மாமீட்டர்தான் இருக்கிறது. ஐந்து டம்ளரை எப்படிச் சமாளிப்பது?

ஒரு நிமிட இடைவெளி விட்டு ஒவ்வொரு டம்ளராக ஊற்றுங்கள். முதல் டம்ளரை 0, 5, 10-ஆவது நிமிடங்களில் அளக்கிறீர்கள், இரண்டாவதை 1, 6, 11-ல், மூன்றாவதை 2, 7, 12-ல். ஐந்து டம்ளருக்கு ஐந்து நிமிடச் சுற்று சரியாகப் பொருந்திவிடும். அளக்கும் முன் மெதுவாக ஒரு கலக்கு கலக்க வேண்டும், மேலே இருக்கும் நீர் அடியில் இருப்பதைவிடச் சூடாக இருக்கும்.

தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கலாம்?

கொதிநீர் கூடவே கூடாது. 60 டிகிரி தண்ணீர் தோலில் சில நொடி பட்டாலே கொப்பளிக்கும். பிள்ளைகளின் தோல் இன்னும் மெலிது. 55 டிகிரி போதும், அதையும் ஆசிரியரே ஊற்றட்டும். கொஞ்சம் கூடுதல் சூட்டில் ஊற்றி ஒரு நிமிடம் விட்டு முதல் அளவை எடுப்பது நல்லது, ஏனென்றால் டம்ளர் தன் பங்குக்குக் கொஞ்சம் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். 100 கிராம் எவர்சில்வர் டம்ளரில் 65 டிகிரி நீர் 200 மில்லி ஊற்றினால், அந்த டம்ளரைச் சூடாக்கியே நீர் இரண்டு டிகிரி இறங்கிவிடும்.

பஞ்சு, துணி, செய்தித்தாள் எல்லாம் சுற்றினோம். எல்லாமே ஒரே மாதிரி ஆறிவிட்டது. ஏன்?

மூடி போட்டீர்களா? நூற்றுக்கு தொண்ணூறு இதுதான் காரணம்.

திறந்த டம்ளரில் வெப்பம் பெரும்பாலும் பக்கவாட்டில் போவதில்லை, மேலே ஆவியோடு போகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் நீர் ஆவியாக சுமார் 2,350 ஜூல் (வெப்பத்தை அளக்கும் அலகு) வேண்டும். 200 மில்லியிலிருந்து வெறும் 2 கிராம் ஆவியாகப் போனால் 4,700 ஜூல் காலி. அந்த 200 கிராம் நீர் ஒரு டிகிரி இறங்க சுமார் 840 ஜூல் போனால் போதும். ஆக, கண்ணுக்கே தெரியாத அந்த இரண்டு கிராம், நீரை ஐந்தரை டிகிரி இறக்கிவிடுகிறது. நீங்கள் பக்கத்தில் என்ன சுற்றினாலும் மேலே இந்தக் கசிவு எல்லா டம்ளருக்கும் பொது. பொருட்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் அதில் அமுங்கிப்போகிறது.

டிஜிட்டல் தராசு இருந்தால் இதையே தனிச் சோதனையாகச் செய்து காட்டலாம். மூடிய டம்ளர் ஒன்று, திறந்த டம்ளர் ஒன்று, எதையும் சுற்றாமல். அரை மணி நேரம் கழித்து இரண்டின் எடையும் வெப்பநிலையும் பாருங்கள். என்னைக் கேட்டால், பொருட்களை ஒப்பிடும் சோதனைக்கு முன்பு இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஓர் அட்டை மூடியின் பலனைப் பார்த்த பிள்ளைகள் அப்புறம் மூடியை மறக்கவே மாட்டார்கள்.

மூடியில் தெர்மாமீட்டர் நுழையும் அளவுக்கு மட்டும் சின்ன ஓட்டை போடுங்கள். எல்லா மூடியும் ஒரே அட்டையில் வெட்டியதாக இருக்கட்டும்.

எந்தெந்தப் பொருட்களைச் சோதிக்கலாம்?

நம் வீடுகளில் கிடைப்பவை தாராளம்: இலவம் பஞ்சு, பழைய கம்பளி, பருத்தித் துணி, கசக்கிய செய்தித்தாள், தேங்காய் நார், வைக்கோல், உமி, மரத்தூள், டிவிப் பெட்டியில் வந்த தெர்மாகோல், பார்சலில் வந்த பபிள் ராப், அலுமினியம் ஃபாயில். உலர்ந்த மணலையும் ஒரு டம்ளருக்கு வைத்துப் பாருங்கள். கனமான பொருள்தான் சூட்டை நன்றாகக் காக்கும் என்று நினைக்கும் பிள்ளைகள் வகுப்புக்கு நாலு பேராவது இருப்பார்கள், அவர்களுக்காகவே அது.

எதையும் சுற்றாத டம்ளர் ஒன்று கட்டாயம். அது இல்லாவிட்டால் "பஞ்சு நல்லது" என்று சொல்ல உங்களிடம் ஆதாரமே இல்லை.

ஒரே எடையில் எடுக்க வேண்டுமா, ஒரே தடிமனில் எடுக்க வேண்டுமா?

ஒரே தடிமன். இரண்டு சுற்று துணியையும் ஐந்து சுற்று பேப்பரையும் ஒப்பிட்டால், எது எந்தப் பொருளால் வந்தது, எது தடிமனால் வந்தது என்று பிரிக்க முடியாது. உமி, மரத்தூள் போன்றவற்றைச் சுற்றவும் முடியாது.

இதற்குச் சுலபமான வழி: ஒவ்வொரு டம்ளரையும் அதைவிடப் பெரிய ஒரே மாதிரி டப்பாவுக்குள் வைத்து, நடுவில் வரும் இடைவெளியில் பொருளை நிரப்புங்கள். சுற்றிலும் 3 சென்டிமீட்டர் இருந்தால் போதும். அடியிலும் அதே பொருள் கொஞ்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மொசைக் தரை அடிவழியாக வெப்பத்தை இழுத்துக்கொள்ளும்.

ஒரு டப்பாவில் எதுவும் நிரப்பாமல் வெறும் இடைவெளியாக விடுங்கள். பின்னால் வரும் ஒரு கேள்விக்கு அது தேவைப்படும்.

பஞ்சும் கம்பளியும் சூட்டைப் பிடித்து வைப்பது எப்படி?

முதலில் சில எண்கள். ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு கடத்தும் என்பதற்கு வெப்பக் கடத்துத்திறன் என்று ஓர் அளவு உண்டு, அலகு வாட்/மீட்டர்·கெல்வின். அலுமினியத்துக்கு அது ஏறத்தாழ 235. எவர்சில்வருக்கு 15 அளவில். கண்ணாடிக்கு 1, தண்ணீருக்கு 0.6, உலர்ந்த மரத்துக்கு 0.1 முதல் 0.2. பஞ்சு, கம்பளி, தெர்மாகோல் மூன்றும் 0.04-ஐ ஒட்டி. அசையாத காற்றுக்கு 0.025.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். வரிசையில் எல்லாவற்றையும்விடக் குறைவு காற்றுக்குத்தான். பஞ்சு, கம்பளி, தெர்மாகோல் எல்லாம் அதை நெருங்கி வருகின்றனவே தவிர, தாண்டவில்லை. காரணம், அவற்றில் இருப்பதில் பெரும்பங்கு காற்றுதான். தெர்மாகோலின் கொள்ளளவில் நூற்றுக்கு 95-க்கு மேல் காற்று.

இதை முதலில் முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் கவுண்ட் ரம்ஃபோர்ட் எனப்பட்ட பெஞ்சமின் தாம்சன். பவேரியாவில் படைவீரர்களுக்கு எந்தத் துணி கதகதப்பு என்று அறிவது அவருக்கு அலுவல் வேலையாகவே இருந்தது. ஒரு தெர்மாமீட்டரைக் கண்ணாடிக் குமிழுக்குள் வைத்து, நடுவே பட்டு, கம்பளி, பஞ்சு, விலங்கு ரோமம் என்று மாற்றி மாற்றி நிரப்பி, அது ஆற எடுக்கும் நேரத்தை அளந்தார். நீங்கள் வகுப்பில் செய்யும் அதே சோதனைதான். நார் அடைத்துக்கொள்ளும் இடம் மிகச் சிறியது, ஆகவே காப்பது நார் அல்ல, அதனிடையே சிக்கிய காற்று என்ற முடிவுக்கு வந்தார். வெப்பம் பற்றிய ஆய்வுகளுக்காக 1792-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் கொடுத்தது.

காற்றுதான் காக்கிறது என்றால், எதுவும் நிரப்பாத வெறும் இடைவெளி ஏன் தோற்றது?

இந்தச் சோதனையில் கேட்கக்கூடிய மிக நல்ல கேள்வி இது. பிள்ளைகளே கேட்கும்வரை பொறுத்திருங்கள்.

வெறும் இடைவெளியில் இருக்கும் காற்று சும்மா இருப்பதில்லை. டம்ளரை ஒட்டிய காற்று சூடாகி மேலேறும். வெளி டப்பாவை ஒட்டியது குளிர்ந்து கீழிறங்கும். இந்தச் சுற்று வெப்பத்தை உள்ளிருந்து வெளியே அள்ளிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். பாடநூல் சொல்லும் வெப்பச்சலனம் இதுதான். போதாததற்கு, டம்ளரின் மேற்பரப்பிலிருந்து கதிர்வீச்சாகவும் வெப்பம் நேரே டப்பாச் சுவருக்குப் போகிறது.

பஞ்சு செய்யும் வேலை இரண்டு. காற்றைச் சின்னச் சின்ன அறைகளில் பூட்டி ஓடவிடாமல் செய்கிறது, கதிர்வீச்சின் வழியையும் மறிக்கிறது. அதற்காகக் கடத்துத்திறனில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. 0.025-லிருந்து 0.04-க்கு ஏறுவது அந்த விலை.

இதிலிருந்து இன்னொரு சோதனை பிறக்கிறது. ஒரே அளவு டப்பா இரண்டில், ஒன்றில் பஞ்சை உதிர்த்துப் போடுங்கள், மற்றதில் மூன்று நான்கு மடங்கு பஞ்சை அழுத்தி அடையுங்கள். அதிகம் அடைத்ததுதான் ஜெயிக்கும் என்று வகுப்பே பந்தயம் கட்டும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் கெட்டியாக அழுத்த அழுத்த காற்றின் பங்கு குறைந்து நாரின் பங்கு கூடுகிறது, நார்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வெப்பத்துக்குப் பாலம் போடுகின்றன. தலையணைப் பஞ்சை வெயிலில் காயவைத்து உதிர்ப்பதன் பலன் மெத்தெனும் சுகத்தோடு நிற்பதில்லை.

எவர்சில்வர் டம்ளரில் ஒரு சுற்று பேப்பர் சுற்றினோம். சுற்றாததைவிடச் சீக்கிரம் ஆறிவிட்டது! எங்கே தப்பு?

தப்பே இல்லை. அந்த அளவை அழித்துவிடாதீர்கள்.

பளபளக்கும் உலோகப் பரப்பு கதிர்வீச்சாக மிகக் குறைவான வெப்பத்தையே வெளிவிடும். தாள், துணி, கண்ணாடி, தோல் போன்றவை அதே சூட்டில் பல மடங்கு வெளிவிடும். மெல்லிய ஒரு தாள் கடத்தலைத் தடுப்பது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். ஆனால் பளபளப்பை மறைத்துவிடுகிறது. மறைத்ததால் கதிர்வீச்சு கூடுகிறது. லாபத்தைவிட நட்டம் அதிகம், டம்ளர் சீக்கிரம் ஆறுகிறது.

ரம்ஃபோர்டே இதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறார். துலக்கிய பித்தளைப் பாத்திரம் ஒன்றை வெறுமனே விட்டார், அதே போன்ற இன்னொன்றில் லினன் துணியை இறுக்கமாகச் சுற்றினார். துணி சுற்றியதுதான் முதலில் ஆறியது. இந்த ஆய்வை 1804-ல் வெளியிட்டார். அதே ஆண்டு ஜான் லெஸ்லி என்பவரும், ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் கறுப்பு என்று வெவ்வேறு பரப்புகள் கொண்ட உலோகக் கனசதுரத்தில் வெந்நீர் ஊற்றி, பரப்பைப் பொறுத்துக் கதிர்வீச்சு மாறுவதைக் காட்டினார்.

தடிமனாக, பல சுற்று கசக்கிய தாள் சுற்றினால் கதை மாறும். சிக்கிய காற்று கூடும், பேப்பர் ஜெயிக்கும். எத்தனை சுற்றில் தோல்வி வெற்றியாகிறது என்று தேடுவதே ஒரு நல்ல வேலை. முதல் தடவை செய்யும் வகுப்புக்கு மட்டும் இது தலைசுற்றலாக இருக்கும், அதனால்தான் கண்ணாடி டம்ளரைச் சொன்னேன்.

அலுமினியம் நல்ல கடத்தி ஆயிற்றே, ஃபாயில் சுற்றினால் எப்படிச் சூடு நிற்கிறது?

முந்தைய பதிலைத் திருப்பிப் போட்டால் இதற்கும் விடை. கண்ணாடி டம்ளர் காற்று வீசாத அறையில் ஆறும்போது பக்கவாட்டு இழப்பில் ஏறத்தாழ பாதி கதிர்வீச்சு. பளபளக்கும் ஃபாயில் அதைப் பெருமளவு தடுக்கிறது. மீதிப் பாதியை, அதாவது காற்று எடுத்துப் போவதை, தடுக்க அதனால் முடியாது. எனவே ஃபாயில் மட்டும் நடுத்தரமாக வரும். பஞ்சுக்கு மேல் ஃபாயில், ஃபாயிலுக்கு மேல் பஞ்சு என்று இரண்டு விதமாகவும் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

கம்பளி சூடு தரும். ஐஸைக் கம்பளியில் சுற்றினால் சீக்கிரம் உருகாதா?

பெரியவர்களும் இப்படி நினைப்பதுண்டு. கம்பளிக்குத் தானாகச் சூடு கிடையாது. வெப்பம் போகும் வேகத்தைக் குறைப்பது மட்டும்தான் அதன் வேலை, அது உள்ளேயிருந்து வெளியே போகிறதா, வெளியேயிருந்து உள்ளே வருகிறதா என்று அது பார்ப்பதில்லை. போர்வைக்குள் நமக்குக் கதகதப்பு நம் உடம்பிலிருந்து வருகிறது.

வரலாற்றில் இதற்குப் பெரிய சாட்சி உண்டு. பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் அமெரிக்கக் குளங்களில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூள் போன்றவற்றால் காத்து, கப்பலில் வெப்ப நாடுகளுக்கு விற்றார். 1833-ல் டஸ்கனி என்ற கப்பல் சுமார் 180 டன்னோடு கிளம்பி, நான்கு மாதம் கடலில் கிடந்து, வழியில் நிலநடுக்கோட்டையும் கடந்து கல்கத்தா வந்தபோது 100 டன் அளவுக்கு மிச்சம் இருந்தது. மெட்ராஸுக்கு வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். கடற்கரையைப் பார்த்தபடி இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. சென்னைப் பிள்ளைகளை ஒரு நாள் அங்கே அழைத்துப்போகலாம்.

தெர்மாமீட்டரே இல்லாமல் செய்ய முடியுமா?

முடியும், ஐஸை வைத்து. ஒரே அளவு ஐஸ் கட்டிகளைச் சின்ன பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கட்டி, ஒவ்வொன்றையும் ஒரு பொருளுக்குள் புதையுங்கள். அரை மணி கழித்துப் பையில் சேர்ந்த நீரை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி அளந்தால், எத்தனை மில்லி உருகியது என்று தெரியும். ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல். ஆக, உள்ளே எவ்வளவு வெப்பம் நுழைந்தது என்றே கணக்குச் சொல்லிவிடலாம். சுட்டுக்கொள்ளும் பயமும் இல்லை. தொடக்க வகுப்புகளுக்கு நான் இதையே சிபாரிசு செய்வேன்.

ஆங்கிலப் புத்தகத்தில் இருப்பதைவிட எங்கள் தண்ணீர் மெதுவாக ஆறுகிறது. ஏன்?

அங்கே அறை 20 டிகிரி, இங்கே 32. ஆறும் வேகம் நீரின் சூட்டைப் பொறுத்ததல்ல, நீருக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. இதை நியூட்டன் 1701-லேயே சொல்லிவிட்டார். 55 டிகிரி நீருக்கு அங்கே வித்தியாசம் 35, இங்கே 23. சித்திரை வெயிலில் வகுப்பறை 37-க்குப் போனால் வெறும் 18. பொருட்களுக்கு இடையே உள்ள வேறுபாடும் அதற்கேற்பச் சுருங்கும். கோடையில் ஐஸ் சோதனை, மார்கழி தை மாதங்களில் வெந்நீர் என்று வைத்துக்கொண்டால் தொந்தரவில்லை.

எல்லா டம்ளரும் ஒரே சூட்டில் தொடங்கவில்லை. திரும்பச் செய்ய வேண்டுமா?

வேண்டாம். நியூட்டன் சொன்னதையே பயன்படுத்தலாம். அறை 30 டிகிரி என்று வையுங்கள். ஒரு டம்ளர் 60-லிருந்து 48-க்கு இறங்கியது: இழந்தது 12, இழப்பதற்கு இருந்தது 30, விகிதம் 0.40. இன்னொன்று 58-லிருந்து 47: இழந்தது 11, இருந்தது 28, விகிதம் 0.39. மேலோட்டமாகப் பார்த்தால் 48 பெரிது, 47 சிறிது. உண்மையில் இரண்டும் சமம்.

ஒரு டிகிரி வித்தியாசத்தில் ஜெயித்ததை ஜெயித்தது என்று சொல்லலாமா?

கூடாது. ஒரு டிகிரிக்கு ஒரு கோடு போட்ட தெர்மாமீட்டரைப் பார்க்கும் கண்ணின் கோணத்திலேயே அரை டிகிரி போய்விடும். மூன்று முறை செய்து, மூன்றிலும் ஒரே வரிசை வந்தால் நம்பலாம். இல்லையென்றால் பஞ்சு, கம்பளி, தெர்மாகோல் ஒரு கூட்டம், மணலும் ஒற்றைத் துணியும் இன்னொரு கூட்டம் என்று சொல்வதே நேர்மை. முதல் மூன்று இடத்துக்குப் பரிசு கொடுக்கும் ஆசையில்தான் பல வகுப்புகளில் அளவுகள் "திருத்தப்படுகின்றன".

ஃபேனை நிறுத்த வேண்டுமா?

ஆம். நாற்பது பிள்ளைகளோடு அது முடியாது என்றால் டம்ளர்களை ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ஜன்னல் வெயிலும் படக்கூடாது.

துணி ஈரமாக இருந்தால்?

காப்பே போய்விடும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்தால் கடத்துத்திறன் இருபது மடங்குக்கு மேல். அதோடு ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்லும், மண்பானை தண்ணீரைக் குளிர்விக்கும் அதே வழிதான். ஊற்றும்போது சிந்தினால் அந்த டம்ளரின் அளவைச் சேர்க்காதீர்கள்.

தெர்மாகோலுக்குத் தடை இருக்கிறதே?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருட்களுக்கு, தெர்மாகோல் தட்டும் கப்பும் அதில் அடக்கம். இதற்கென்று கப் வாங்காதீர்கள். டிவி, ஃபிரிட்ஜ் பெட்டியில் வந்த துண்டுகள் போதும். தெர்மாகோல் என்றதும் வகுப்பில் யாராவது வைகை அணையை இழுப்பார்கள். 2017-ல் அங்கே அட்டைகளை மிதக்கவிட்டது நீர் ஆவியாவதைக் குறைக்க. காற்று அடித்துக் கரையில் ஒதுக்கிவிட்டது. சிரித்து முடித்ததும், மூடி இல்லாத டம்ளர் கணக்கை நினைவுபடுத்த அது நல்ல சாக்கு.

அறிவியல் கண்காட்சிக்கு இதைக் கொண்டுபோகலாமா?

ஐந்து டம்ளரும் ஒரு அட்டவணையும் மட்டும் வைத்தால் நடுவர்கள் நின்று பார்க்க மாட்டார்கள், அது எல்லாரும் செய்வது. ஒரே ஒரு கேள்வியை எடுத்து ஆழமாகப் போங்கள். உமியை எவ்வளவு அழுத்தினால் காப்பு கெடத் தொடங்குகிறது? எவர்சில்வரில் எத்தனையாவது சுற்றில் பேப்பர் பலன் தருகிறது? அல்லது வீட்டில் இருக்கும் தெர்மல் குக்கரைப் போல ஒன்றை வைக்கோலும் பழைய துணியும் வைத்துச் செய்து, கொதிக்கவைத்த அரிசி அடுப்பில்லாமல் வேகிறதா என்று பாருங்கள். நேரத்துக்கு எதிராக வெப்பநிலையை வரைபடமாகப் போட்டு, கோடு ஏன் வளைந்து தட்டையாகிறது என்று பிள்ளையால் தன் வாயால் சொல்ல முடிந்தால் போதும்.

முடிந்ததும் பொருட்களை என்ன செய்வது?

பஞ்சையும் துணியையும் வெயிலில் காயவைத்து அடுத்த வகுப்புக்கு எடுத்து வையுங்கள். உமி, வைக்கோல் பள்ளித் தோட்டத்துக்கு. தெர்மாகோலைக் குப்பையோடு கொளுத்த வேண்டாம், அந்தப் புகை கெடுதி. ஒரு பையில் கட்டிப் பத்திரமாக வைத்தால் வருடக்கணக்கில் இதே சோதனைக்கு உதவும்.